மச்சான் அனுப்பிய காற்று

தண்ணீருக்கு அடியில் நின்று மூச்சு விடுவது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. நல்லாயிருக்கும் என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. மேலே எவ்வளவு சத்தம் இருந்தாலும் கீழே இறங்கிவிட்டால் என் மூச்சு மட்டும்தான் கேட்கும். செய்ய வேண்டிய வேலை கைக்கு முன்னால் இருக்கும். செய்துவிட்டு மேலே வர வேண்டும், அவ்வளவுதான். ஐம்பதுகளில் கல்முனைக் கரையில் அந்த வேலைக்கு என்னை விட்டால் வேறு ஆள் இருக்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

நான் சாய்ந்தமருதுக் கடற்காரன். இளவயதில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போய், கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுகிற கூட்டத்தில் சேர்ந்தேன். முதலில் பம்படித்தேன், பிறகு நானே இறங்கினேன். வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது, அங்கே பழசென்று கழித்துப் போட்ட சாமான்களையும் கொண்டுவந்தேன். முகம் முழுவதையும் மூடுகிற றப்பர் முகமூடி, அதில் பதித்த கண்ணாடி, நீளமான காற்றுக் குழாய், ஒரு கைப்பம்பு. முதுகில் காற்றுத் தாங்கியைக் கட்டிக்கொண்டு மீன்போலத் திரிகிறவர்களைப் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். என் தொழில் அப்படியில்லை. குழாயின் ஒரு நுனி என் முகத்தில் இருக்கும், மறுநுனி மேலே தோணியில் பம்பில் இருக்கும். யாராவது ஒருவர் பம்பின் கைப்பிடியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால்தான் கீழே எனக்குக் காற்று.

அந்தக் காற்றில் மேலே நடப்பதெல்லாம் மணக்கும். பம்புக்குப் பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் கீழே எனக்கு இருமல் வரும். பெரும்பாலும் பற்றவைப்பவன் என் தம்பிதான். பம்படிக்கிற ஆளும் அவன்தான். கடலடிக் கல்லில் சிக்கிய வலைகளை அறுபடாமல் எடுத்துக் கொடுத்தோம். கயிறு அறுந்து விழுந்த நங்கூரங்களைத் தேடிக் கொடுத்தோம். ஆழமென்றால் இரண்டு மூன்று ஆள் உயரம் இருக்கும். அதற்குக் கீழே போகிற கெட்டித்தனத்தை நான் காட்டியதில்லை.

கலியாணம் மருதமுனையில் நடந்தது. எங்கள் வழக்கப்படி நான் மனைவியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். நெசவாளிகளின் ஊர் அது. விடிந்தால் எல்லா வளவிலிருந்தும் தறிச் சத்தம்தான். வேலிக்கு அடுத்த பக்கம் மனைவியின் காக்கா, அதாவது அவளுடைய அண்ணன், என் மச்சான், தறி போட்டிருந்தார். அவர் நெய்த சாரனைக் கல்முனைக் கடைகளில் கேட்டு வாங்குவார்கள். கைவேலை அப்படி ஒரு சீர்.

அவர் என்னோடு கதைப்பதில்லை.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கலியாணம் பேசியபோதே அவருக்கு விருப்பமில்லை. "குழாய்ல மூச்செடுக்கிற ஆளுக்கு என்ட தங்கச்சியக் குடுக்கிறதா? ஒரு நாள் குழாய் வெடிச்சா அவள் விதவை" என்று தன் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வாப்பா கேட்கவில்லை. மச்சான் கலியாணத்துக்கு வந்தார், பந்தலில் நின்று எல்லாருக்கும் சோறு பரிமாறினார், நான் கூடியிருந்து சாப்பிட்ட சகன் தட்டில் இறைச்சிகூட வைத்தார். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே மனைவியிடம், "அவர்ட சைக்கிள் மழையில நனையுது எண்டு சொல்லு" என்பார். மனைவியும் என் பக்கம் திரும்பி, "ஒங்கட சைக்கிள் நனையுதாம்" என்பாள். நான், "ஓம், எடுக்கிறன் எண்டு சொல்லு" என்பேன். இப்படியே பெருநாளெல்லாம் கழிந்தது.

ஒரு சிறுபோக வேளாண்மைக் காலத்தில் சாகாமத்திலிருந்து ஆள் வந்தது. குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற துருசு அடைபட்டுப் போயிற்றாம். கதவை முழுதாகத் தூக்கினாலும் தண்ணீர் நூலாகத்தான் வருகிறதாம். நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது, இப்போது தண்ணீர் இல்லையென்றால் கதிர் வெளியே வராது. குளத்தில் சுழியோடக்கூடிய இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். பெரிய மரம் ஒன்று துருசின் வாய்க்குள் குத்திக்கொண்டு நிற்கிறது என்று மட்டும் தெரிந்ததாம். அதற்கு மேல் நின்று வேலை செய்ய மூச்சுப் போதவில்லை.

எனக்கு ஏற்ற வேலை அது. ஆனால் அந்தக் கிழமைதான் தம்பி கரைவலை இழுக்கும்போது வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டு கிடந்தான். பம்படிக்க ஆளில்லை. யாரையாவது பிடித்துவந்து கைப்பிடியைக் கொடுக்க முடியாது. வேகமாக அடித்துக் களைத்துப்போகிறவனும் ஆகாது, கதையில் மயங்கி நிறுத்துகிறவனும் ஆகாது.

நான் யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த மனைவி எழுந்து வேலியடிக்குப் போனாள். தறிச் சத்தம் நின்றது.

"காக்கா, நான் விதவையாப் போயிருவன் எண்டு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்க?" என்றாள். "அப்ப நீங்களே போய் அந்தக் கைப்பிடியப் புடிங்க. ஒங்கட கையில இருந்தா எனக்குப் பயமில்ல."

வேலிக்கு அப்பால் மச்சான் தறியை விட்டு எழும்புகிற சத்தம் கேட்டது. பிறகு, "எப்ப போறாராம் எண்டு கேள்" என்று மச்சானின் குரல் வந்தது.

போவதற்கு முதல் நாள் ஆற்றங்கரையில் அவருக்குப் பழக்கினேன். ஒரு முறைதான் காட்டினேன். தறியில் நாடாவை இழுக்கிற கையும் மிதியை மிதிக்கிற காலும் வருஷக்கணக்கில் ஒரே தாளத்தில் போய்ப் பழகிய உடம்பு. கைப்பிடியைப் பிடித்ததும் அதே தாளம் வந்துவிட்டது. முகமூடிக்குள் காற்று அலையடிக்காமல் ஒரே சீராக இறங்கியது. தம்பியின் காற்று ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. என் இடுப்பில் கட்டிய கயிற்றையும் அவருக்கு விளங்கப்படுத்தினேன். ஒரு இழுப்பு என்றால் நான் நல்லாயிருக்கிறேன். இரண்டு என்றால் காற்றைக் கூட்ட வேண்டும். மூன்று என்றால் மேலே தூக்க வேண்டும். விடாமல் இழுத்தால் ஆபத்து. அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் இறங்கியதும் கயிறு ஒருமுறை இழுபட்டது. சும்மாவே கேட்கிறார், நல்லாயிருக்கிறேனா என்று. நானும் ஒருமுறை இழுத்தேன். வாயால் கதைக்காத மனிதர் அன்றைக்கு முழுக்கக் கயிற்றால் கதைத்தார்.

லொறியில் அக்கரைப்பற்று தாண்டித் திருக்கோவில் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் சாகாமம். சாமான்களுக்கு நடுவில் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. வண்டிக்காரர் எங்கள் இருவருக்கும் பொதுவாக யானைக் கதை சொல்லிக்கொண்டு வந்தார்.

குளக்கட்டில் ஊரே நின்றது. தண்ணீர் பங்கிட்டு விடுகிற வட்டவிதானை நடுத்தர வயது மனிதர், நிதானமாகக் கதைத்தார். அவருக்குப் பக்கத்தில் நிறைய வயல் வைத்திருந்த போடியார் ஒருவர் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். வாய்க்காலின் கடைசியில் இருந்தது அவருடைய வயல். நிலம் வெடித்துவிட்டது என்று கையை விரித்து விரித்துக் காட்டினார்.

நான் துருசைப் பார்த்தேன். குளக்கட்டின் ஓரத்தில் கிணறு மாதிரிக் கட்டியிருந்தது. கதவு அதற்குள் இருந்தது. மேலே இரும்புக் கைப்பிடியைச் சுற்றினால் திருகு ஏறிக் கதவைத் தூக்கும். மரம் சிக்கியிருந்தது அதற்கு முன்னால், குளத்துப் பக்கம் இருந்த வாயில்.

"கதவை முழுசா இறக்குங்க" என்றேன் விதானையிடம். "நான் மேல வந்து சொல்லும்வரைக்கும் ஆரும் தொடக்கூடாது. தண்ணி இழுக்கத் தொடங்கினா நானும் மரத்தோட சேர்ந்து உள்ளுக்குப் போயிருவன்."

"ஓம் தம்பி. என்ட பொறுப்பு" என்றார். கதவை இறக்கினார்.

"முதலை இரிக்கி, தெரியுந்தானே?" என்று போடியார் கேட்டார்.

"இவ்வளவு சனத்தின்ட சத்தத்துக்கு அது இப்ப அடுத்த கரையில இரிக்கும்" என்றேன். சிரித்தார்கள். எனக்கு முதலையைப் பற்றி யோசனை இருக்கவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பற்றித்தான் இருந்தது.

இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டுப் பம்பை வைத்தோம். மச்சான் பம்புக்கு முன்னால் உட்கார்ந்தார். கயிற்றைப் பிடிக்கக் குளத்து மீன்காரர் ஒருவர் ஏறினார்; இழுப்புக் கணக்கை அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். தோணி ஆடியபோது மச்சான் பலகையை இறுக்கிப் பிடித்ததைக் கண்டேன். மீன்காரர் கேட்டார், "நீந்தத் தெரியாதா?" "தெரியாது" என்றார் மச்சான், கைப்பிடியைப் பார்த்தபடியே. இவ்வளவு காலம் அடுத்த வளவில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

ஈயக்குண்டு கோத்த பட்டியைக் கட்டிக்கொண்டு, பிஸ்மில்லாச் சொல்லி இறங்கினேன்.

கடலில் போலக் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் இல்லை அது. தேயிலைச் சாயம் மாதிரி. கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். தடவிக்கொண்டே போனேன். பெரிய மருத மரம். மாரி வெள்ளத்தில் வேரோடு வந்திருக்க வேண்டும். அடிமரம் வாய்க்குள், வேர்கள் வெளியே விரிந்து கல்லில் கொளுவியிருந்தன. சுற்றிலும் சல்வினியாக் களையும் தாமரைத் தண்டும் சேறும் பாய்போல அப்பியிருந்தன. கத்தியால் அறுத்து அறுத்துத் தள்ளினேன். அவசரமில்லை. மேலிருந்து காற்று ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. கொஞ்சத்துக்கொருமுறை கயிறு இழுபடும், நானும் பதிலுக்கு இழுப்பேன். அடைத்திருந்த குப்பை பாதிக்கு மேல் போனதும், வெளியே இழுத்தெடுக்கவென்று மேலிருந்து இறக்கியிருந்த சங்கிலியை வேரைச் சுற்றிக் கொண்டுபோவதற்காக மரத்துக்கும் கல்லுக்கும் இடையில் காலை ஊன்றினேன்.

அப்போதுதான் தண்ணீர் நடக்கத் தொடங்கியது.

முதலில் கன்னத்தில் தெரிந்தது. அறுத்துப்போட்ட குப்பையெல்லாம் என்னைத் தாண்டி ஓடியது. அடுத்த கணம் யாரோ காலைப் பிடித்து இழுத்த மாதிரி முழங்கால் வரைக்கும் அந்த இடுக்குக்குள் போயிற்று. மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கதவைத் திறந்துவிட்டார்கள் என்று உடனே விளங்கிவிட்டது. கயிற்றை விடாமல் இழுத்தேன்.

எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கால் போய்விடுமோ என்ற பயம் இருந்தது. உயிர் போய்விடும் என்ற பயம் வரவில்லை. காற்று மாறவில்லை, அதுதான் காரணம். மேலே என்ன கூத்து நடந்தாலும் காற்று ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு வந்த ஆளாயிருந்தால் அந்த இடத்திலேயே மௌத்து. எனக்குக் காற்று இருந்தது. காற்று இருக்கும்வரை யோசிக்க நேரம் இருந்தது. காலை இழுக்க முயலாமல், உடம்பை மரத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மேலே நடந்ததைப் பிறகு மீன்காரர் சொன்னார். கயிறு துடித்ததும் அவர் எழுந்து நின்று பலங்கொண்ட மட்டும் என்னைத் தூக்க இழுத்திருக்கிறார். மச்சான் கைப்பிடியை விடாமலே, "இழுக்காத! கயிற விடு! அவர்ட கால் எங்கயோ மாட்டியிரிக்கி!" என்று கத்தியிருக்கிறார். அதே நேரம் குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் நின்றவர்கள், "தண்ணி வருது, தண்ணி வருது!" என்று சந்தோஷத்தில் துள்ளினார்கள். மச்சான் தண்ணீரைப் பார்த்தார். மேலே மிதந்த சல்வினியா எல்லாம் துருசுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு அது போதுமாயிருந்தது.

"கதவ இறக்குங்கடா!"

அந்தக் குரல் ஊர் முழுக்கக் கேட்டதாம். தறிக்கு முன்னால் இருந்து மெல்லக் கதைக்கிற மனிதரிடம் அப்படி ஒரு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது. குளக்கட்டில் நின்றவர்கள் அவரைப் பார்த்து விறைத்துப்போய் நிற்க, "ஆள் உள்ளுக்கு இரிக்கார்! கதவ இறக்குங்க!" என்று மறுபடியும் கத்தினார். கை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. விதானை ஓடிவந்து திருகைச் சுற்றினார்.

கீழே இழுவை தளர்ந்தது. கால் தானாக வெளியே வந்தது. தோல் உரிந்திருந்ததே தவிர எலும்புக்கு ஒன்றுமில்லை. குழாயைத் தடவிப் பார்த்தேன், நல்லாயிருந்தது. மூன்று முறை கயிற்றை இழுத்து, மூச்சை வெளியே விட்டபடி மெதுவாக மேலே வந்தேன்.

தோணியின் விளிம்பைப் பிடித்து முகமூடியைக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் மச்சான் கைப்பிடியை விட்டார். அவருடைய பெனியன் பிழிந்தெடுத்த மாதிரி நனைந்திருந்தது.

"காலக் காட்டுங்க" என்றார்.

கலியாணத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் காலைத் தூக்கிப் பலகையில் வைத்தேன். முழங்காலில் இருந்து விரல் வரைக்கும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "நோகுதா? இஞ்ச? இஞ்ச?"

"இல்ல மச்சான்."

கரைக்கு வந்ததும் விஷயம் தெரிந்தது. விதானை நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கக் கொஞ்சம் அப்பால் போயிருந்தார். குளத்துக்குள் கலங்கல் எழும்பியதைக் கண்ட போடியார், அடைப்பு விட்டுவிட்டது என்று நினைத்துத் திருகைச் சுற்றிவிட்டார். அந்த மனிதர் என் காலைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சுக்குங்க தம்பி. வயலைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புத்தி இல்லாமப் போயிற்று" என்றார். வெடித்த நிலத்தை வரும் வழியில் நானும் பார்த்திருந்தேன். அவரோடு கோபித்துக்கொள்ள எனக்கு முடியவில்லை.

"தேத்தண்ணி குடிச்சிட்டு மறுபடி இறங்குறன்" என்றேன்.

"இனி இறங்க ஏலாது" என்றார் மச்சான்.

"சங்கிலி போடுறது மட்டுந்தான் மிச்சம்."

"சங்கிலி கிடக்கட்டும். ஒங்களுக்கு வீட்டில பொஞ்சாதி இரிக்கிறா."

"ஒங்களுக்கும் இரிக்கிறா. நீந்தத் தெரியாம நீங்க தோணியில ஏறினதுக்கு அவவிட்ட கேட்டீங்களா?"

"நான் தண்ணிக்கு மேலதான் இருந்தன்!"

ஊர்ச் சனம் சுற்றி நிற்க, நாங்கள் இரண்டு பேரும் நல்லாச் சத்தம் போட்டோம். இவ்வளவு காலமும் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதில் வந்தது. என் தொழில், அவருடைய பிடிவாதம், சைக்கிள்கூட வந்தது. மீன்காரர் நடுவில் வந்து, "நீங்க ரெண்டு பேரும் எப்பவும் இப்பிடித்தானா?" என்று கேட்டார். மச்சானுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

பிறகு அவர் எழுந்து குளக்கட்டுக்கு ஏறினார். திருகைச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்து, தோணியில் தன் காலுக்கடியில் போட்டார். "இப்ப இறங்குங்க" என்றார்.

விதானை அதைப் பார்த்து, "அது சரியான வேலை" என்றார்.

தொழுதுவிட்டு இறங்கினேன். சங்கிலியை வேருக்குக் கீழால் கொண்டுபோய் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொளுவினேன். இந்தத் தடவை அந்த இடுக்குக்குப் பக்கத்திலும் கால் வைக்கவில்லை. மேலே வந்ததும் சங்கிலியின் மறுமுனையைக் கரையில் நின்ற எருமைச் சோடிகளுக்குப் பூட்டினார்கள். எருமைகள் இழுக்க, ஆட்களும் கயிறு போட்டு இழுத்தார்கள். போடியார் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்று இழுத்தார். முதலில் அசையவில்லை. பிறகு உள்ளே எங்கேயோ முறிகிற சத்தம் கேட்டது. குளம் ஒரு தடவை கொந்தளித்தது. கறுத்த வேர்கள் தண்ணீருக்கு மேலே வந்தன.

மச்சான்தான் இரும்புக் கைப்பிடியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். விதானை கதவைத் தூக்கினார். வாய்க்காலில் தண்ணீர் மண்ணையும் சருகையும் தள்ளிக்கொண்டு ஓடியது. சனம் அதன் கூடவே ஓடிற்று. போடியார் திரும்பிப் பார்க்காமல் தன் வயலை நோக்கி ஓடினார்.

அன்றைக்கு அங்கேயே தங்கினோம். காலையில் சாமான்களைக் கட்ட நான் தோணிக்குப் போனபோது, மச்சான் முகமூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒருக்கா இறங்கிப் பார்க்கவா?" என்றார்.

நீந்தத் தெரியாத ஆள். ஆனாலும் கரையோரம் அவருக்குத் தலை மூழ்குகிற ஆழம் போதும், மீன்காரர் பக்கத்தில் நிற்பார். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. பட்டியைக் கட்டிவிட்டேன், முகமூடியை இறுக்கிவிட்டேன். "மூச்ச மட்டும் அடக்கிவைக்காதீங்க. விட்டுவிட்டு எடுங்க. கயித்துல கதைங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, படிக்கட்டில் இறங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு காலாக வைத்துத் தண்ணீருக்குள் போனார்.

நான் பம்பைப் பிடித்தேன். துறைமுகத்தை விட்டு வந்த பிறகு நான் பம்படித்ததேயில்லை. கொஞ்ச நேரத்திலேயே தோள் எரிந்தது. என் தாளம் ஏறி இறங்கியது. கயிறு இரண்டு தடவை இழுபட்டது, காற்று போதவில்லையாம். வேகமாக அடித்தேன். அவர் மேலே வருவார் வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. குமிழிகள் கரையோரமாக மெல்ல நடந்துபோய்த் தாமரைப் பக்கம் நின்றன. களைத்துப்போய் நானே கயிற்றை இழுத்துக் கேட்டேன். ஒரு இழுப்புத்தான் பதிலாக வந்தது.

ஒருவாறாகத் தலை வெளியே வந்தது. முகமூடியைக் கழற்றினோம். றப்பர் பதிந்த தழும்பு முகத்தைச் சுற்றி வட்டமாக இருந்தது.

"மச்சான்," என்றார் மூச்சு வாங்க, "ஒரு மீன் வந்து கண்ணாடிக்கு நேரே நிண்டு என்னையே பார்த்திச்சு. நான் அசையல்ல. அதுவும் அசையல்ல. நீங்க கயித்த இழுத்து அதக் கலைச்சுப் போட்டீங்க."

அதற்குப் பிறகு பல இடங்களுக்குச் சேர்ந்து போனோம். அறுகம்பேயில் நங்கூரம் எடுத்தோம், இறக்காமத்தில் இன்னொரு துருசு பார்த்தோம். தம்பியின் கை சுகமான பிறகும் பம்பு மச்சானிடமே இருந்தது. தறியில் அவசர வேலை இருந்தால், என்னைக் காத்திருக்கச் சொல்வார். நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெய்து முடிக்கும்வரை காத்திருப்பேன்.